தடைக்காலத்தில் அப்பா அம்மாவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: "ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் நாங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் வயதான அப்பா அம்மாவைக் கொடைக்கானல் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். தினமும் கடலைப் பார்க்கிறவர்களுக்கு ஏரியில் என்ன இருக்கிறது, கோயில் பார்க்க ராமேஸ்வரம் இல்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள். போவதால் பிரயோஜனம் உண்டா?"

போங்கள். யோசிக்கவே வேண்டாம்.

நான் மண்டபம். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் விசைப்படகில் கடலுக்குப் போனவர், அம்மா மதுரையைத் தாண்டி எங்கும் போனதில்லை. நான் கொடைக்கானல் என்று சொன்னதும் அப்பா கேட்டது உங்கள் வீட்டில் கேட்ட அதே கேள்விதான்: "தண்ணி பாக்கவா அம்புட்டுத் தூரம் போகணும்?" ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும், மராமத்து வேலையும் மே கடைசிக்குள் முடிந்துவிடும், அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதுதான் வேலை. அதனால் ஜூன் முதல் வாரத்தில் இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி கிளம்பினோம். சீசன் கூட்டமும் அப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது.

பயணத்தில் ஒரு விஷயத்தை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். ராமநாதபுரம் பஸ் மாட்டுத்தாவணியில் நிற்கும், கொடைக்கானல் பஸ் ஆரப்பாளையத்தில் கிளம்பும், நடுவில் மதுரை ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். வயதானவர்களையும் பைகளையும் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் தொங்க வேண்டாம், ஆட்டோ பிடித்துவிடுங்கள். நாங்கள் ரயிலில் மதுரை போய் அங்கிருந்து ஆரப்பாளையம் போனோம், அது சுலபமாக இருந்தது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அம்மாவுக்குத் தலை சுற்றல், பெருமாள்மலை வருவதற்குள் இரண்டு தரம் வாந்தி. எத்தனை அலையிலும் அசையாத அப்பாவே கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடல் ஆட்டம் வேறு, இது வேறு. முன் சீட்டாகப் பார்த்து உட்கார வையுங்கள், காலையில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

தங்குமிடத்தை ஊரிலிருந்தே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல், பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே ஒரு புரோக்கரை நம்பிப் போனோம். சுடுதண்ணீர் உண்டு என்றார், இரண்டு நாளும் வரவில்லை. அந்தக் குளிரில் அம்மா பச்சைத்தண்ணீரில் முகம் கழுவியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், கோடையிலும் ராத்திரி கம்பளி இல்லாமல் தூங்க முடியாது.

சரி, ஏரிக்கு வருகிறேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கே கூட்டிப் போனேன். பத்து மணிக்கு மேல் குதிரை, சைக்கிள், சோளக்கடை என்று வேறு இடமாக ஆகிவிடும், அதனால் இந்த நேரம் முக்கியம். தண்ணீர் மேல் பனி கிடந்தது, எதிர்க்கரை தெரியவில்லை, ஒரு சத்தம் இல்லை. அப்பா படியில் குனிந்து கையை நனைத்தார். எடுத்து மோந்து பார்த்தார். திரும்ப நனைத்து, திரும்ப மோந்து பார்த்தார். அவர் கையில் எப்போதும் ஒரு கவிச்சி உண்டு, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போனது அது. "ஒரு வாடையும் இல்லடா" என்று என்னிடம் கையை நீட்டினார். அம்மா கரையிலேயே நின்றுகொண்டு, "இம்புட்டு நல்ல தண்ணி, ஒரு குடம் எடுக்க ஆள் இல்லாமக் கெடக்கே" என்றார். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த பெண்பிள்ளைதான் அப்படிப் பார்க்க முடியும். அந்த ஏரிக்கு வருகிற மற்றவர்கள் அதைப் படம் எடுத்துக்கொள்வார்கள், அம்மா அதைத் தண்ணீராகப் பார்த்தார். கடலைப் பார்க்கிறவர்களுக்கு ஏரியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: நம் ஆட்களுக்குத்தான் அது முழுசாகத் தெரியும்.

அது தானாக உண்டான ஏரியும் இல்லை. 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளிக் காய்ச்சலில் ஆட்கள் சாவதைத் தாங்க முடியாமல் மேலே வீடு கட்டிக் குடியேறினார்கள், ஊர் அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கு முன்னாலேயே மலையில் பளியர்களும் மற்ற மலைக்கிராம மக்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1863-ல் வெர் ஹென்றி லெவிஞ்ச் என்கிற மதுரைக் கலெக்டர் ஓடைகளை மறித்துக் கரை கட்டி இந்த ஏரியை உண்டாக்கினார், சுமார் 60 ஏக்கர். மீன் விட்டதும் அவர்தான். முதல் படகை அவர் எங்கிருந்து வரவழைத்தார் தெரியுமா? தூத்துக்குடியிலிருந்து. இதை நான் படகில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன், அப்பா நம்பவில்லை. பஸ் போகிற மலைச்சாலையெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது, ரயிலே அப்போது மதுரைக்கு வரவில்லை. தூத்துக்குடியிலிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டியில் வந்திருக்கலாம், அதற்கு மேல்? அப்பா கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். வள்ளமாக இருந்தால் இத்தனை பேர் தோள் கொடுக்க வேண்டும், வளைவில் திருப்ப முடியாது, பலகை பலகையாகப் பிரித்து மேலே கொண்டுபோய்ப் பூட்டியிருப்பார்கள், அப்படியானால் பூட்டுவதற்கு ஒரு மேஸ்திரியும் நம் பக்கத்திலிருந்து கூடவே போயிருக்க வேண்டும் என்றார். அப்படி ஒருவர் போனாரா என்று எந்த ஆதாரமும் என் கையில் இல்லை, ஆனால் படகு செய்கிறவர்களுக்கு நடுவில் வாழ்ந்தவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அன்றைக்கு முழுக்க அவருக்கு அந்த ஆளைப் பற்றித்தான் பேச்சு.

படகோட்டி தம்பியிடம் கேட்டுக் கொஞ்ச தூரம் துடுப்பையும் வாங்கிப் போட்டார். அங்கே துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. முன்னால் பார்க்காமல் எப்படிப் போவது என்று திரும்பி உட்கார்ந்து, எங்கள் ஊர் வழக்கப்படியே தண்ணீரைத் தள்ளினார், படகும் போனது. அந்தத் தம்பியும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சாலை, முட்டி வலி உள்ளவர்கள் முழுக்க நடக்க வேண்டாம், பாதியில் திரும்பிவிடலாம்.

நாம் வைகை கடலில் சேருகிற ஊர்க்காரர்கள். ஆற்றங்கரை என்கிற ஊரில் அந்த முகத்துவாரத்தைப் பார்த்திருப்பீர்கள், பல வருஷம் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி வருவதே இல்லை. கொடைக்கானலில் மலை ஓரமாகப் போகிற கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்று தெற்கே பார்த்தால் கீழே பாம்பாற்றுப் பள்ளத்தாக்கும், வானம் தெளிவாக இருந்தால் பெரியகுளமும் தெரியும். பெரியகுளம் வழியாகப் போகிற வராக நதியும், பக்கத்தில் இறங்குகிற மஞ்சளாறும் இந்த மலையில் பிறந்து வைகையில் சேருகிறவைதான். பரமக்குடிப் பாலத்தில் பஸ் போகும்போது வெறும் மணலாகப் பார்த்த ஆறு இங்கே மேகமாக நிற்கிறது என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் காற்றுதான் விஷயம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நான்கு பக்கத்துக் காற்றுக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது. அங்கே காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறி வருகிறது, பனியையும் தூக்கிக்கொண்டு முகத்தில் அடிக்கிறது. "கீழ இருந்து வர்ற காத்துக்கு நம்மகிட்ட பேரு இல்லையே" என்றார். அந்த நடைபாதை ஒரு கிலோமீட்டர்தான், காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், மேகம் ஏறிவிட்டால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது.

கோயில் விஷயம். கொடைக்கானலில் ராமேஸ்வரம் மாதிரி பிராகாரம் எதிர்பார்க்கக் கூடாது. ஊருக்குள் குறிஞ்சி ஆண்டவர் கோயில், ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். சின்னக் கோயில், 1936-ல் கட்டியது. கட்டியவர் லீலாவதி ராமநாதன், வெள்ளைக்கார அம்மா, இந்துவாக மாறி இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். நமக்கு எதிர்க்கரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இந்த மலை உச்சியில் முருகனுக்குக் கோயில் எடுத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வெளியே நின்றால் வடக்கே சமவெளியும் பழனி மலையும் தெரியும், அம்மா அங்கிருந்தே பழனிக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். குறிஞ்சிப் பூ 12 வருஷத்துக்கு ஒரு தரம், கடைசியாக 2018-ல் பூத்தது, இனி 2030. பூவை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள், பஸ் இருக்கிறது. குழந்தை வேலப்பர் கோயில். போகர் என்கிற சித்தர் நவபாஷாணத்தால் செய்த முருகன் என்று சொல்வார்கள், பழனி மூலவர் போலவே. அருணகிரிநாதர் இங்கே வந்து தூங்கியபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாள், முருகன் குழந்தையாக வந்து காத்தார், அதனால் இந்தப் பெயர் என்பது ஊர்க் கதை. நவபாஷாணம் என்றதும் அம்மா குழம்பிவிட்டார். நமக்கு நவபாஷாணம் என்றால் தேவிபட்டினம்தானே, கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல், ராமர் வைத்த நவக்கிரகம், தை அமாவாசைக்கு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சுற்றி வருவோம். "அது எப்படி மலைக்கு வந்துச்சு?" என்று கேட்டார். பாஷாணம் என்ற சொல்லுக்குக் கல் என்றும் பொருள், விஷம் என்றும் பொருள். நம் கடலில் நிற்பவை ஒன்பது கற்கள், மலையில் இருப்பது ஒன்பது விஷங்களைக் கட்டிச் செய்தது என்பது சித்தர் மரபு. நான் இதை விளக்கியதும் அம்மா, "அங்க ஒம்போதும் கல்லாகி நிக்குது, இங்க ஒம்போதும் சேந்து சாமியாயிருச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சந்நிதிக்குள் போய் நின்றார். அபிஷேகம் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த ஒரு காலை வேளைக்கே மொத்தச் செலவும் தகும்.

ஊருக்கு முன்னால் சாலை வளைவில் ஒரு இடத்தில் பஸ் திரும்பும்போது பூம்பாறை முழுசும் கீழே தெரியும், படிப்படியாக வெட்டிய வயல், நடுவில் நெருக்கமாக வீடுகள். அங்கே விளைகிற மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மா தாளோடு ஒரு கட்டு வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மீன் குழம்புக்கு நாம் போடுகிற அளவில் பாதி போட்டாலே காரம் ஏறிவிடுகிறது, முதல் தரம் எங்களுக்கு அளவு பிடிபடவில்லை.

மற்ற பாயின்ட்டுகளை ஒரே வேனில் ஏறி ஓடி ஓடிப் பார்ப்பதை நான் சொல்ல மாட்டேன். பைன் காடு, தூண் பாறை எல்லாம் இளவட்டங்களுக்குச் சரி, பெரியவர்களை ஏற்றி இறக்கியே சோர்ந்துவிடுவார்கள். நேரம் மிஞ்சினால் பிரையண்ட் பூங்கா, ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வகமும் உண்டு, படிக்கிற பிள்ளைகள் கூட வந்தால் கட்டாயம்.

சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இந்த முறை. 2025 சீசனில் உயர் நீதிமன்றம் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000 என்று வரம்பும் வைத்தது, அதனால் தேதியைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை நம்பிச் செலவுக் கணக்குப் போடாதீர்கள், அது எந்தத் தேதியில் கணக்கில் ஏறும் என்று நமக்கே தெரியும்தானே. ஜூன் 11, 12-க்குள் ஊர் திரும்பிவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ், டீசல், வலை ஏற்றுகிற வேலை அப்போது ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு அப்பாவை மலையில் பிடித்து வைத்திருக்க யாராலும் முடியாது.