கார்டு கொதிக்கிறது, திரை கிறுக்குகிறது

ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறேன். கேம் ஆடும்போது 76 டிகிரி வரை போகிறது. ஆபத்தா? (விருதுநகர்)

இல்லை. அந்தக் கார்டின் எல்லை 93. விருதுநகர் வெயிலில் 76 என்றால் நல்ல கார்டு. ஆடுங்கள்.

என் கார்டு ரொம்ப சூடாகிறது. என்ன செய்யலாம்? (ஊர் இல்லை, மாடல் இல்லை)

எந்தக் கார்டு? எத்தனை டிகிரி? பின்தகட்டைத் தொட்டால் கை சுடுகிறது என்பது அளவு ஆகாது. 60 டிகிரியே கையைச் சுடும், கார்டுக்கு அது ஒன்றுமே இல்லை. கார்டின் அளவுகளைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை இறக்கி, சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு 20 நிமிடம் கேம் ஆடுங்கள். ஜிபியு (கார்டின் முக்கியச் சிப்) வெப்பம், ஹாட்ஸ்பாட் (அந்தச் சிப்பிலேயே மிகச் சூடான இடம்), ஃபேன் ஆர்பிஎம் (சுழலும் வேகம்), வாட் ஆகிய நான்கின் உச்ச அளவையும் குறித்து அனுப்புங்கள். எண்ணைப் பார்க்காமல் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்.

87 டிகிரி காட்டுகிறது, ஃபேன் இரைச்சல் தாங்கவில்லை. கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றினால் 76-க்கு வந்துவிடுகிறது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட்டை மாற்றலாமா? ஏசி இல்லாத அறை; சிபியு கம்ப்யூட்டர் டேபிளின் கீழ்ப் பெட்டிக்குள் இருக்கிறது. (ஈரோடு)

விடையை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். மூடியைக் கழற்றி 8, 10 டிகிரி இறங்கினால் கார்டில் குறையில்லை, காற்றுதான் இல்லை. 3 டிகிரிகூட இறங்கவில்லை என்றால் மட்டும் கார்டின் கூலரைச் சந்தேகப்படலாம்.

அந்த டேபிள் பெட்டி, பின்பக்கம் பலகை அடித்த அலமாரி. கார்டு கக்கும் 200 வாட் சூடு அதற்குள்ளேயே சுற்றி, அதே காற்றைக் கார்டு மறுபடி உறிஞ்சுகிறது. முதலில் வெளியே எடுத்து, பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முன்பக்கம் 120 மிமீ ஃபேன் இரண்டு உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால் ஃபேன் எத்தனை போட்டாலும் அரைப் பயன்தான். கலர் லைட் பார்த்து கேபினெட் வாங்கினால் இப்படித்தான். இன்னொன்று: அறை ஒரு டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஜனவரியில் 72 காட்டியது மே மாதம் 82 காட்டினால் கார்டு கெட்டுவிட்டது என்று கடிதம் போடாதீர்கள்.

ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி. ஜிபியு 77, ஹாட்ஸ்பாட் 104. மூன்று வருடக் கார்டு. (திருச்சி)

இவர் கேட்பதுதான் கேள்வி. இந்தக் கார்டின் சிப்பைச் செய்யும் ஏஎம்டி, ஹாட்ஸ்பாட்டை 110 வரை அனுமதிக்கிறது, எனவே இன்றே எரிந்துவிடாது. ஆனால் இரண்டுக்கும் இடைவெளி 27. வழக்கமாக 12 முதல் 20-க்குள் இருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பேஸ்ட் சிப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிவிட்டது.

வாரண்டி முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடிந்திருந்தால்: சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கார்டின் பின்னால் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலர் ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள். 10 நிமிடம் கேம் ஓட்டி இளஞ்சூடாக்கிய கார்டு லேசாகத் திருகினாலே விடும். ஃபேன் ஒயரைக் கழற்றாமல் கூலரைத் தூக்கி, சாக்கெட்டோடு பிய்த்தவர்கள் நிறையப் பேர்.

பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். புதியதைச் சிப் முழுவதும் மெல்லியதாகப் பரப்புங்கள். மூடியில்லாத சிப் என்பதால் ஒரு மூலை விட்டுப்போனாலும் ஹாட்ஸ்பாட் அங்கேயே நிற்கும். தெர்மல் பேட் (மெமரி சிப்களுக்கும் கூலருக்கும் நடுவே உள்ள மெத்தைத் துண்டு) கிழியாமல் இருந்தால் அதையே வையுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழைய தடிமனை அளந்து அதே தடிமன். 1 மிமீ இருந்த இடத்தில் 1.5 வைத்தால் கூலர் சிப்பின் மேல் உட்காராது; முன்னைவிட மோசமாகும்.

திரையில் கலர் கலராகக் கட்டங்கள். கேம் மட்டுமல்ல, ஆன் செய்தவுடன், விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே தெரிகிறது. கடையில் "ஹீட் போட்டால் சரியாகும், 1,500 ரூபாய்" என்கிறார்கள். கொடுக்கலாமா? (சேலம்)

கொடுக்காதீர்கள். பயாஸிலேயே கட்டம் விழுந்தால் கேம், டிரைவர், விண்டோஸ் மூன்றின் மேலும் பழி இல்லை. ஒழுங்கான வரிசையில் கட்டங்கள் வந்தால் பெரும்பாலும் வி-ரேம் (கார்டின் மெமரி) சிப் ஒன்று போயிருக்கும், அல்லது அதைப் பலகையில் ஒட்டியிருக்கும் சால்டர் விரிசல் விட்டிருக்கும்.

இந்த "ஹீட் போடுவது" (ஹாட் ஏர் கன்னால் சிப்பைச் சூடாக்குவது) என்ற வைத்தியத்தைப் பற்றி எத்தனை முறை எழுதுவது? முக்கியச் சிப்பின் அடியில் இரண்டு அடுக்கு இணைப்புகள் உண்டு. சிலிக்கானுக்கும் அதைத் தாங்கும் சின்னப் பலகைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சால்டர் புடைப்புகள்; அந்தப் பலகைக்கும் கார்டுக்கும் நடுவே சால்டர் பந்துகள். மேல் அடுக்கில் விரிசல் விட்ட சிப்பைச் சூடாக்கினால் அது விரிந்து, விட்டுப்போன இடம் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். படம் வரும், நீங்களும் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து அதே கட்டம். வி-ரேம் செத்திருந்தால் அந்த ஒரு வாரமும் இல்லை.

வீட்டு ஓவனில் வைக்கச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் மோசம். ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரி வேண்டும். அவர்கள் வைப்பது 200. சால்டர் உருகாது, கெபாசிட்டர் வீங்கும், கனெக்டர் பிளாஸ்டிக் வளையும், அந்தப் புகை படிந்த ஓவனிலேயே பிறகு கேக்கும் சுடுவார்கள். 2008-இல் லேப்டாப் சிப்களின் பேக்கேஜிங் பொருளில் இருந்த பலவீனத்துக்காக, கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா, வாரண்டி, பழுது, மாற்றுச் செலவுகளுக்கென்று 19.6 கோடி டாலர் ஒதுக்கியது. ஹீட் போட்டால் தீரும் கோளாறு என்றால் அவர்கள் ஹாட் ஏர் கன் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

கடையில் கேட்கவேண்டியது இதுதான்: மெமரி டெஸ்ட் ஓட்டினீர்களா? எந்தச் சிப்பில் பிழை காட்டியது? சிப்பின் இடத்தைச் சொல்லி, அதைக் கழற்றி வேறு போடுகிறேன் என்றால் அவர் மெக்கானிக். டெஸ்ட் எதுவும் செய்யாமல் கன்னை எடுத்தால் கார்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். செலவு, அதே கார்டின் செகண்ட் ஹேண்ட் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் செய்யவே வேண்டாம். அடுத்த கார்டு கனமானது என்றால் கீழே ஒரு முட்டு கொடுங்கள். தொங்கும் கார்டில் பலகை வளைவதும் சால்டர் விரிசலுக்கு ஒரு காரணம்.

திரையில் கோடு கோடாக வருகிறது. கார்டா, மானிட்டரா? (நாகர்கோவில்)

ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைலில் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கார்டு. இல்லையென்றால் பெரும்பாலும் கேபிள் அல்லது மானிட்டர். முதலில் கேபிளை மாற்றுங்கள்.

ஒரே ஒரு கேமில் மட்டும் முக்கோண முக்கோணமாகப் படம் கிழிகிறது. மெமரி கிளாக்கை (மெமரி ஓடும் வேகம்) +900 வைத்திருக்கிறேன். (கோயம்புத்தூர்)

வைத்ததை எடுங்கள்! ஓவர்கிளாக்கை (வேகத்தைக் கூட்டியதை) கடைசி வரியில் ஒளித்து வைத்துவிட்டு நோய் என்ன என்று கேட்டால் எப்படி? கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ரீசெட் அழுத்தி ஆடிப் பாருங்கள். அப்புறமும் கிழிந்தால் இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில், பழைய டிரைவரை முழுக்கத் துடைக்கும் டிடியூ மென்பொருளை ஓட்டி, டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். இணையத்தை விட்டுவைத்தால் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரை முந்திப் போட்டுவிடும்.

சூடு 70-தான். ஆனால் பெரிய சண்டைக் காட்சி வந்தால் கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆகிறது. ஆர்டிஎக்ஸ் 3080. (மதுரை)

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். சூட்டால் கார்டு வேகம் குறையும். மொத்த மெஷினும் சட்டென்று ரீஸ்டார்ட் ஆவது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. அந்தக் கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும். அப்போது எஸ்எம்பிஎஸ் தற்காப்புக்காக அணைந்துவிடும். ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு முனைகளைச் செருகியிருந்தால், கார்டின் ஒவ்வொரு 8 பின் செருகிக்கும் தனிக் கேபிள் போடுங்கள். 750 வாட்டுக்குக் குறைவு என்றால் மாற்றுங்கள். அதுவரை ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் 80 சதவீதம். ஆட்டத்தில் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

தூசியை ப்ளோயரால் ஊதலாமா? (காரைக்குடி)

ஊதலாம். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுழலவிட்டால் பேரிங் போகும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு. பிடுங்கிவிட்டுத்தான்.