ஒரு நாள் ரயில் பயணத்துக்கு முன்பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் ஈரோட்டில் வசிக்கிறோம். ஜனவரி 15 அன்று விடியுமுன் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி மேட்டுப்பாளையம் சென்று, அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டியைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்ப நினைக்கிறோம். முன்பதிவு எந்த நாளில் தொடங்கும்?

பதில்: உங்களுக்கு வேண்டிய இரண்டு ரயில்களுக்கும் முன்பதிவு ஒரே நாளில் தொடங்காது. முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாக 2024 நவம்பர் 1 முதல் குறைக்கப்பட்டது. பயண நாள் இந்தக் கணக்கில் சேராது. எனவே ஜனவரி 15ஆம் தேதி மலை ரயிலுக்கு நவம்பர் 16 காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். நீலகிரி எக்ஸ்பிரஸோ முந்தைய இரவே சென்னையிலிருந்து புறப்பட்டு, நள்ளிரவுக்குப் பிறகுதான் ஈரோட்டுக்கு வருகிறது. ரயில் தன் முதல் நிலையத்திலிருந்து புறப்படும் தேதியை வைத்தே 60 நாள்கள் எண்ணப்படுவதால், அதற்கான முன்பதிவு நவம்பர் 15 அன்றே தொடங்கிவிடும். தேடும்போது மட்டும் நீங்கள் ஏறும் தேதியான ஜனவரி 15ஐயே கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள் ஒரு நாள் தாமதமாக வந்து, காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள்.

மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குப் புறப்பட்டு நண்பகலையொட்டி ஊட்டியை அடைகிறது. திரும்பும் ரயில் பிற்பகல் 2 மணிக்கே புறப்பட்டுவிடும். இரு வழியும் ரயில்தான் என்று பிடிவாதமாக இருந்தால், ஊட்டியில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் இரண்டு மணி நேரம். 46 கிலோமீட்டர் தொலைவு, 208 வளைவுகள், 16 குகைப் பாதைகள், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே இன்ஜின் தன் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறும் பல் தண்டவாளம் என இந்தப் பாதையின் சிறப்புகளையெல்லாம் ஏறும் பயணத்திலேயே பார்த்துவிடலாம். ஆகவே ஏறுவதற்கு மட்டும் ரயிலில் இடம் பிடித்து, இறங்குவதற்குப் பேருந்தை நம்புவதே நல்லது என்பது என் கருத்து. மாலையில் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் பேருந்துகளுக்குக் குறைவில்லை.

இரண்டு டிக்கெட்டுகளும் உறுதியானபின் அவற்றின் பிஎன்ஆர் எண்களை (டிக்கெட்டில் உள்ள முன்பதிவு எண்கள்) இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் இந்த வசதி உண்டு. நீலகிரி எக்ஸ்பிரஸ் தாமதமாகி மலை ரயிலைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தை ரத்துக் கட்டணமின்றித் திரும்பப் பெறலாம். இரண்டிலும் பயணிகளின் விவரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் வந்த ரயில் மேட்டுப்பாளையத்தை அடைந்த 3 மணி நேரத்துக்குள் விண்ணப்பிக்கவும் வேண்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து காலையில் கிளம்பி, ஏலகிரியைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்ப விரும்புகிறோம். மலைக்கு அருகிலுள்ள ஜோலார்பேட்டை நிலையத்துக்குப் போகும் டிக்கெட் எளிதாகக் கிடைக்கிறது. திரும்பும் டிக்கெட்டில் எப்போதும் காத்திருப்புப் பட்டியலே வருகிறது. ஏன்?

பதில்: போகும் டிக்கெட்டை முதலில் எடுப்பதை விட்டுவிடுங்கள். ஒரு நாள் பயணத்தில் முதலில் உறுதி செய்ய வேண்டியது திரும்பும் டிக்கெட்டைத்தான். காலையில் சென்னை சென்ட்ரலிலிருந்து கோவை எக்ஸ்பிரஸும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸும் அடுத்தடுத்துப் புறப்படுகின்றன. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. இரண்டும் இல்லாவிட்டால் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மலையிலிருந்து இறங்கி மாலையில் ஜோலார்பேட்டை நடைமேடையில் நிற்கும்போது அந்தச் சலுகை இல்லை.

திரும்பும்போது இடம் கிடைக்காததற்கு ஒதுக்கீட்டு முறையே காரணம். மாலையில் சென்னை நோக்கி வரும் கோவை எக்ஸ்பிரஸ் கோயம்புத்தூரிலும், பிருந்தாவன் பெங்களூருவிலும் புறப்படுகின்றன. முதல் நிலையத்திலிருந்து நெடுந்தொலைவு செல்பவர்களுக்கே இடங்களின் பெரும்பகுதி பொது ஒதுக்கீடாகத் தரப்படுகிறது. நடுவழியில் ஏறுபவர்களுக்குக் கிடைப்பது சிறிய பங்கு. டிக்கெட்டில் ஜிஎன்டபிள்யூஎல் என்று இருந்தால் அது பொதுப் பட்டியல். பிக்யூடபிள்யூஎல், ஆர்எல்டபிள்யூஎல் என்று இருந்தால் சிறிய ஒதுக்கீட்டுக்கான பட்டியல். அதே ஒதுக்கீட்டில் யாராவது ரத்து செய்தால்தான் அந்தப் பட்டியல் நகரும் என்பதால், பொதுப் பட்டியலில் 20ஆம் எண்ணுக்கு இருக்கும் நம்பிக்கை அதில் 8ஆம் எண்ணுக்குக்கூட இருப்பதில்லை.

இதற்கு விதிகளுக்கு உட்பட்ட ஒரு வழி இருக்கிறது. ஜோலார்பேட்டைக்கு முன்னால் உள்ள சேலத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ சென்னைக்கு இடம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் அந்த டிக்கெட்டை எடுத்து, ஏறும் நிலையமாக ஜோலார்பேட்டையைக் குறிப்பிடலாம். கட்டணம் முழுத் தொலைவுக்கும் உண்டு. ஆனால் இரண்டாம் வகுப்பு இருக்கையில் அந்த வேறுபாடு பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான். ஏறும் நிலையத்தைக் குறிப்பிடாமல் விட்டால், நீங்கள் வரவில்லை என்று கருதிப் பரிசோதகர் உங்கள் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

கேள்வி: மதுரையிலிருந்து தேனி, போடி பக்கம் பசுமையைப் பார்த்துவர ஆசை. அதற்கும் 60 நாள்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அகலப்பாதையாக மாற்றப்பட்ட இந்த வழித்தடத்தில் 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடிநாயக்கனூர் வரையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. மதுரை–போடி பயணிகள் ரயிலுக்கு முன்பதிவில்லாத டிக்கெட்டே போதும். 200 கிலோமீட்டருக்குக் குறைவான தொலைவு என்பதால் அதைப் பயண நாளன்றுதான் வாங்க முடியும். வாங்கிய 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கவும் வேண்டும். எனவே காலையிலேயே திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தடத்தில் ரயில்கள் மிகக் குறைவு. திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ஊர் சுற்றுங்கள். உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கும்போது சன்னலோரம் கிடைத்தால் நல்லது. அதற்கு முன்பதிவு கிடையாது, சீக்கிரம் வருபவருக்கே இடம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 67, மகளுக்கு 8. பகல் நேர ரயிலில் இருவருக்கும் கட்டணச் சலுகை உண்டா?

பதில்: இருவருக்கும் இல்லை. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 5 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் படுக்கை கேட்காமல் பாதிக் கட்டணத்தில் பயணம் செய்யும் வசதி தூங்கும் வசதியுள்ள வகுப்புகளில்தான் உண்டு. சேர் காரிலும் இரண்டாம் வகுப்பு இருக்கையிலும் முழுக் கட்டணம் கட்டி இருக்கை எடுக்க வேண்டும்.

கேள்வி: பயணத்துக்கு இரண்டு நாள்கள் இருக்கும்போதும் காத்திருப்புப் பட்டியல் நகரவில்லை. கடைசி நேர முன்பதிவான தட்கலுக்குப் போகலாமா, காத்திருக்கலாமா?

பதில்: காலை ரயில்களுக்கு இப்போது முந்தைய இரவே சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) தயாராகிவிடுகிறது. அப்போதும் உறுதியாகாத இணைய டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும்; அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறக் கூடாது. தட்கல் முன்பதிவு முந்தைய நாள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. 2025 ஜூலை முதல் ஆதாருடன் சரிபார்க்கப்பட்ட கணக்கு இல்லாமல் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது. 2025 அக்டோபர் முதல் சாதாரண முன்பதிவு தொடங்கும் வேளைக்கும் அதே நிபந்தனை வந்துவிட்டதால், இந்தச் சரிபார்ப்பை இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. மழை வந்தால் தள்ளிப்போடக்கூடிய உல்லாசப் பயணத்துக்கு அது பொருத்தமில்லை என்பேன். திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம். போகும் டிக்கெட்டுக்கு சார்ட் வந்தபின் மீண்டும் ஒருமுறை தேடுங்கள். மீதமுள்ள இடங்கள் கரண்ட் புக்கிங்கில் கிடைக்கும். நெடுவிடுமுறை அல்லாத நாள்களில் பகல் ரயில்களின் இருக்கை வகுப்பில் இப்படி இடம் கிடைப்பது அரிதல்ல.

கேள்வி: நவம்பரில் பயணம் செய்ய மலை ரயிலுக்கு எடுத்த டிக்கெட், மண்சரிவால் ரயில் ரத்தானதும் வீணாகிவிடுமா?

பதில்: ரயில்வே ரத்து செய்தால் இணைய டிக்கெட்டின் கட்டணம் முழுவதும் தானாகவே உங்கள் கணக்குக்கு வந்துவிடும், முன்பதிவின்போது செலுத்திய சேவைக் கட்டணம் மட்டும் திரும்பாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கல்லாறு–குன்னூர் பகுதியில் மண்சரிவு வழக்கமானது என்பதால், அந்த மாதங்களில் செல்பவர்கள் குன்னூர் வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஊட்டிக்குச் செல்லும் ரயிலில் இடம் எடுப்பதையும் யோசிக்கலாம். கீழ்ப்பகுதி அடைபட்டிருக்கும் நாள்களிலும் குன்னூர்–ஊட்டி ரயில்கள் பெரும்பாலும் ஓடுகின்றன.