புது மென்பொருள் வந்து, இரண்டு பயிற்சி கொடுத்தும் என் எட்டுப் பேர் குழு பழைய எக்ஸெலை விடவில்லை: மூன்றாவது பயிற்சி வைக்கலாமா?

வேண்டாம். அதற்குப் பதில் தினசரி இலக்கை ஒரு மாதத்துக்காவது குறைத்துக் கொடுங்கள். இரண்டு பயிற்சி முடிந்தும் எட்டுப் பேரும் எக்ஸெலுக்கே திரும்புகிறார்கள் என்றால், பெரும்பாலும் அது மென்பொருள் தெரியாததால் இல்லை. புதியதில் கை மெதுவாகத்தான் ஓடும். இலக்கோ அப்படியே நிற்கிறது. மாலை ஐந்து மணிக்கு யாராக இருந்தாலும் பழகிய வழியைத்தான் பிடிப்பார்கள்.

சரிபார்க்க ஒரு வழி: நாளை ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். எந்த இடத்தில் எக்ஸெலைத் திறக்கிறார் என்று மட்டும் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் அது ஒரே ஒரு திரை, தேதியை மூன்று தடவை கேட்கும். அதைச் சரிசெய்ததும் பாதிப் புலம்பல் அடங்கியது.

அப்புறம், முதல் வாரங்களில் பிழைகள் கூடுதலாகத் தெரிந்தால் பதறாதீர்கள். மேலாண்மை ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பிழைப் பதிவு அதிகம் இருந்தது. பயமில்லாமல் சொன்னதுதான் காரணம் என்பது அவர் கண்டது.

ஆனால் உள்ளே ஓடுவது வேலை போய்விடுமோ என்ற பயமென்றால் இது எதுவும் உதவாது. அதற்கு நேரடியாகப் பதில் சொல்லத்தான் வேண்டும். உங்களுக்கே தெரியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.