காலநிலை மாநாட்டுக்குப் பாலினச் சமத்துவத்துக்காகப் போகிறவர்கள் அங்கே உண்மையில் என்ன செய்கிறார்கள்?

மேடையேறிப் பேசுவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 2024 நவம்பரில் அஜர்பைஜானின் தலைநகர் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடான காப்-29க்கு ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் பார்வையாளராகப் போயிருந்தேன். பேசியதைவிட வராந்தாவில் காத்து நின்றதுதான் அதிகம்.

அரசு சார்பில் பேச்சுவார்த்தை நடத்தாமல் பார்வையாளராக வரும் அமைப்புகள் அங்கே ஒன்பது பிரிவுகளாக இயங்குகின்றன. அதில் ஒன்று பெண்கள் மற்றும் பாலினப் பிரிவு. காலையில் அதன் கூட்டம் நடக்கும். எந்த அறையில் எது ஓடுகிறது, எந்த நாடு எதற்கு முட்டுக்கட்டை போடுகிறது, யாரை யார் போய்ப் பிடிப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அதைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு.

பேச்சுவார்த்தை அறைக்குள் விட்டால் நமக்குச் சுவரோரத்து நாற்காலி. ஏதாவது ஒரு நாடு ஆட்சேபித்தால் அதுவும் கிடையாது. திரையில் வரைவு ஓடும். ஒத்துவராத வரிகள் சதுர அடைப்புக்குறிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். கூட்டம் கலைந்ததும்தான் நம் வேலை ஆரம்பம். கேட்கும் வாசகத்தை அரைப் பக்கத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு, காபிக்குப் போகிற பிரதிநிதியோடு கூடவே நடந்தபடி சொல்லி முடிக்க வேண்டும். "பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்" என்று தொடங்கினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். "இந்தப் பத்தியில் இந்த வரியை உங்கள் நாடு முன்மொழியுமா?" என்று கேளுங்கள், நின்று காகிதத்தை வாங்கிப் பார்ப்பார்.

இதற்கெல்லாம் இன்னும் தேவை இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். அந்த மாநாட்டுக்கான ஏற்பாட்டுக் குழுவை 2024 ஜனவரியில் அறிவித்தபோது 28 பேரும் ஆண்கள். கண்டனம் கிளம்பிய பிறகுதான் பெண்களைச் சேர்த்தார்கள்.

பலன் என்ன என்றால், காகிதத்தில் நிறையவே இருக்கிறது. 2014இல் பெருவின் லிமா மாநாட்டில் பாலினத்துக்கான பணித்திட்டம், 2017இல் ஜெர்மனியின் பான் நகரில் முதல் பாலினச் செயல்திட்டம். பாகுவில் லிமா திட்டத்தை இன்னும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். 2025இல் பிரேசிலின் பெலேமில் நடந்த மாநாட்டில் புதிய பாலினச் செயல்திட்டமும் வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பெரிதாகக் கொண்டாடத் தோன்றவில்லை. பாகுவில் நிஜமான சண்டை நிதி அறையில் நடந்தது. வளரும் நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று இலக்கு வைத்தார்கள். அதில் பெண்களுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கும் ஒதுக்கவில்லை. வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அங்கே திட்டத்துக்குப் பணம் கேட்டுப் போகிறவர்கள் பாலினச் செயல்திட்டத்தையும் சேர்த்தே கொடுத்தாக வேண்டும். பணத்தோடு முடிச்சுப் போட்டால்தான் யாரும் அசைகிறார்கள். அதனால், பாலினம் பற்றிய அமர்வில் ஏற்கெனவே நம்மவர்கள் குவிந்திருப்பார்கள், நீங்கள் நிதி அமர்வுக்குப் போங்கள் என்பேன். அலுப்பாக இருக்கும், பாதி புரியாது, ஆனாலும் போங்கள்.

பேச்சுவார்த்தைக்கு வெளியே அமைப்புகள் நடத்தும் கருத்தரங்குகளான பக்க நிகழ்வுகளுக்கு நாளுக்கு ஒன்று போதும். படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம், அவ்வளவுதான்.

தனிநபராக விண்ணப்பித்து உள்ளே போக முடியாது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஏதாவது உங்கள் பெயரைக் கொடுக்க வேண்டும். முதல் தடவை என்றால் ஜூன் மாதம் பான் நகரில் நடக்கும் இடைக்காலக் கூட்டத்துக்குக் கேட்டுப் பாருங்கள். கூட்டம் குறைவு, தலைவர்கள் வரமாட்டார்கள், பிரதிநிதிகளும் பேச நேரம் கொடுப்பார்கள்.