‘என்க’ என்று ஒரு சொல் இருக்கிறது

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சமன்பாடு தொடங்கிய அன்று பலகையில் தராசு வரைந்து, “சமக்குறி போட்டால் இரண்டு பக்கமும் ஒன்று” என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “எல்லாரும் சமம்னு சோசியல் புக்ல போட்டிருக்கே, அப்ப எங்க தெருவும் அவங்க தெருவும் ஒண்ணா டீச்சர்?” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். தலைமையாசிரியரிடம் சொன்னபோது, “கணக்கு பீரியடில் கணக்கை மட்டும் நடத்தும்மா” என்றார். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாமா? எப்படி?

- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, தென் மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையன் கணக்கை விட்டு வெளியே போகவில்லை. நீங்கள் சொன்ன வாக்கியத்தில் ஓர் ஓட்டை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டான். சமக்குறியின் இரண்டு பக்கமும் ‘ஒன்று’ கிடையாது. 3 + 4 = 9 − 2 என்று எழுதுகிறோம். ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல், எண்களும் வேறு. ஒன்றாக இருப்பது மதிப்பு மட்டும்தான். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றே என்றால் 7 = 7 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம்; அதில் யாருக்கும் பிரயோசனமில்லை.

இது உங்கள் தவறு மட்டுமில்லை. நாளைக்கே பலகையில் 8 + 4 = ___ + 5 என்று எழுதிப் பாருங்கள். பாதிப் பேராவது 12 என்பார்கள், சிலர் 17 என்பார்கள். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதே கணக்கைக் கொடுத்தார்கள். ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே சமக்குறி என்றால் ‘இனி விடை வரும்’ என்று பழகிவிடுகிறது. கால்குலேட்டரும் அதைத்தான் சொல்கிறது, அந்தப் பொத்தானை அமுக்கினால் விடை. இந்தக் குறியை 1557-இல் அச்சேற்றிய வேல்ஸ்காரர் ராபர்ட் ரெக்கார்ட், இணையான இரண்டு கோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று அதற்குக் காரணம் எழுதினார். (மனிதர் அடுத்த ஆண்டே லண்டன் சிறையில் இறந்துபோனார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அந்தக் குறியை மறக்கமாட்டார்கள்.)

முதல் வேலை இதுதான்: சமம் என்றால் மதிப்பு ஒன்று, உருவம் ஒன்றல்ல. தமிழில் நமக்கு ஒரு வசதி, எண்ணுக்கும் மதிப்பு என்கிறோம், மனிதருக்குக் கொடுப்பதையும் மதிப்பு என்கிறோம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது இந்தச் சொல்லைச் சுற்றித்தான். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரு மதிப்பு என்று ஏற்றுக்கொள்ளப் போகிறோம். சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஒரு மனிதருக்கு ஒரு மதிப்பு என்பதை மறுத்துக்கொண்டே இருப்போம். இந்த முரண்பாட்டோடு எத்தனை நாள் வாழ்வது என்று கேட்டார். உங்கள் கடைசி பெஞ்சுப் பையன் கேட்டதும் அதையேதான்.

ஆனால் மதிப்பு, உருவம் என்று விளக்கிவிட்டு நழுவினால் அவனுக்குத் தெரிந்துவிடும். 8 + 4 = 7 + 5 என்பது யார் ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் உண்மை. ‘எல்லோரும் சமம்’ அப்படிப்பட்ட உண்மை இல்லை. இந்த இடத்தில் நம் பாடப்புத்தகத்திலேயே ஒரு சொல் கிடக்கிறது. “அந்த எண்ணை எக்ஸ் என்க.” அந்த ‘என்க’வை நாம் நின்று பார்ப்பதே இல்லை. யாரும் கண்டுபிடித்துச் சொன்னது இல்லை அது; நாம் வைத்துக்கொண்டது. வைத்த பிறகு கணக்கு முடியும் வரை மாற்றக் கூடாது. மேல் வரியில் ஒரு மதிப்பு, கீழ் வரியில் வேறு மதிப்பு என்றால் முழுக்கணக்கும் தப்பு. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 14-வது பிரிவும், தீண்டாமையை ஒழிக்கும் 17-வது பிரிவும் அரசியலமைப்பின் ‘என்க’கள். இந்த மக்கள் எல்லோரும் சமம் என்க. அடுத்த வரியில் ஒரு தெருவுக்குத் தண்ணீர்க் குழாய், இன்னொரு தெருவுக்கு இல்லை என்று எழுதினால், தப்பு எந்த வரியில் என்று பிள்ளைகளே காட்டுவார்கள்.

அவனுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய நேர்மையான பதில் இது: “இல்லப்பா, ஒண்ணா இல்ல. சமம்னு வச்சுக்கிட்டோம். கணக்கு இன்னும் முடியல.”

சேர்ப்பது சரிதானா என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் பாப் மோசஸ் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். நியூயார்க்கில் வேலை பார்த்தவர், 1961-இல் மிசிசிப்பிக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலையில் இறங்கினார், அடி வாங்கினார். அங்கே பதிய வருபவரிடம் மாநில அரசியலமைப்பில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். சரியா தப்பா என்பதில் பதிவு அலுவலர் வைத்ததுதான் சட்டம். பின்னால் தான்சானியாவில் பல ஆண்டுகள் கணக்கு நடத்திவிட்டுத் திரும்பியவர், 1980-களில் ஏழைப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கும் ‘அல்ஜீப்ரா புராஜெக்ட்’டைத் தொடங்கினார். அன்றைக்கு வாக்கு எப்படியோ, இன்றைக்கு இயற்கணிதம் அப்படி. அது தெரியாத பிள்ளைக்குப் பல கதவுகள் திறக்காது என்பது அவர் வாதம்.

அவரிடமிருந்து முறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பாஸ்டன் நகர ரயிலில் கூட்டிப்போவார். திரும்பி வந்து அந்தப் பயணத்தைப் படமாக வரைய வேண்டும், தங்கள் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும், அப்புறம் வகுப்பறை மொழியில், குறியீடு கடைசியில்தான். ஒரு நிலையத்தைப் பூச்சியம் என்று வைத்தால் ஒரு திசை மிகை எண், எதிர்த் திசை குறை எண். உங்கள் ஊர் டவுன் பஸ்ஸே போதும். நாம் குறியீட்டில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம், பிள்ளைகளின் பேச்சுக்கு இடமே இல்லை. உங்கள் வகுப்பில் அது கடைசி பெஞ்சிலிருந்து தானாகவே வந்திருக்கிறது.

விகிதம் நடத்தும்போது ஒரு நல்ல கணக்கு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 6 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்த ஜெஃபர்சன் கவுன்டிக்கு (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஒரு செனட்டர், அதாவது மாநில மேலவையில் ஓர் உறுப்பினர். 15,417 பேர் இருந்த லவுன்ஸ் கவுன்டிக்கும் ஒரு செனட்டர். வகுக்கச் சொல்லுங்கள், 38-க்கு மேல் வரும். லவுன்ஸில் ஒருவருடைய வாக்கு ஜெஃபர்சனில் 38 பேருடைய வாக்குக்குச் சமம். சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்ல என்று சொல்லி 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கீட்டைத் தள்ளிவிட்டது. “அப்ப லவுன்ஸ்காரங்க கொடுத்து வச்சவங்க” என்பான் ஒருவன். அப்போது அடுத்த தகவலைக் கொடுங்கள்: அந்தக் கவுன்டியில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள், 1965 பிறந்தபோது வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அந்த 38-க்குள்ளே ஒரு பூச்சியம் ஒளிந்திருக்கிறது. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். இருக்கட்டும்.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7. அநியாயம் என்று கத்துவார்கள். 1971 கணக்கெடுப்பில் நம் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234-ஆல் வகுத்து, பிறகு 1,000-ஆல் வகுக்கட்டும். சிக்கிமுக்கு 2,09,843, 32 உறுப்பினர். ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் பின்னால் நிற்கும் மக்களைச் சமமாக எண்ணப் போனதால்தான் எம்.எல்.ஏ.க்களின் எண் வேறுபடுகிறது என்று அவர்களே வந்து நிற்பார்கள். இந்த இடத்தில் யாராவது இடஒதுக்கீட்டை எழுப்புவார்கள், எழுப்பத்தான் வேண்டும். 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் எதற்காக வந்தது என்பதிலிருந்து சமூக அறிவியல் ஆசிரியர் எடுத்துக்கொள்ளட்டும். முன்கூட்டியே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கு பீரியடில் முடிகிற விஷயம் இல்லை அது.

சில எச்சரிக்கைகள். வகுப்பில் யார் எந்தத் தெரு, என்ன சாதி என்று கணக்கெடுக்காதீர்கள், ‘டேட்டா’ என்ற பெயரில்கூட வேண்டாம். அந்தப் பையனை எழுப்பி உதாரணம் ஆக்காதீர்கள். வேலிக்கு அப்பால் ஆட்டம் பார்க்க உயரம் குறைந்தவனுக்கு ஏறி நிற்க இரண்டு பெட்டி, உயர்ந்தவனுக்குப் பெட்டியே இல்லை என்று ஒரு படம் சுற்றுகிறதே, அதை ஒட்டவே ஒட்டாதீர்கள். குறை அந்தப் பிள்ளையின் உயரத்தில் என்றல்லவா அது சொல்கிறது?

சிரித்த பிள்ளைகளை இப்போது கூப்பிட்டுத் திட்ட வேண்டாம். அவனிடம் மட்டும், தனியாகக் கூப்பிடாமல், வகுப்பு தொடங்கும்போதே சொல்லுங்கள்: “அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. இன்னைக்கு அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கப் போறோம்.” பிறகு 8 + 4 போடுங்கள்.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துக் கேட்டால், விகிதம் நடத்துகிறேன் என்று சொல்லுங்கள். பொய் இல்லை.