சோளத்துக்குள் பயறு: யூரியாவைக் குறைக்கலாமா?

கேள்வி: மானாவாரிக் கரிசலில் சோளத்துக்குள் தட்டைப்பயறு தூவினேன். பயறு தழைச்சத்து (நைட்ரஜன்) தருமே என்று யூரியாவைப் பாதியாக்கினேன். சோளம் வெளிறிக் கதிர் சிறுத்துவிட்டது. ஊடுபயிரையே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். தவறு யூரியாக் கணக்கில் இருக்கிறது. பயறின் வேர்முடிச்சுகள் பிடிக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு அந்தச் செடிக்கே செலவாகிறது. வேரும் உதிர்ந்த இலையும் மக்கிய பிறகுதான் மண்ணுக்கு வரும். பலன் அடுத்த பயிருக்கு. எனவே சோளத்துக்கான உரத்தை ஊடுபயிரைக் காட்டிக் குறைக்காதீர்கள்.

தூவி விதைத்ததும் கெடுத்திருக்கும். கொடி ஓடும் தட்டைப்பயறு சோளத்தின் மீதே ஏறும். முதல் 40 நாளில் ஈரத்துக்கும் போட்டி. உளுந்து இதற்கு வாகானது. வம்பன் 8 போன்ற ரகம் 65 - 75 நாளில் முடிந்துவிடும், மஞ்சள் தேமல் நோயையும் தாங்கும்.

சோளத்தை 45 செ.மீ. சீரான வரிசைக்குப் பதில் இணை வரிசையாக விதையுங்கள்: இணைக்குள் 30 செ.மீ., இணைக்கும் இணைக்கும் நடுவே 60 செ.மீ. சோளச் செடி எண்ணிக்கை குறையாது. அந்த 60 செ.மீ. இடைவெளியின் நடுவில் ஒரே வரிசை உளுந்து, செடிக்குச் செடி 10 செ.மீ. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். இரண்டு வரிசை போட ஆசை வரும், மானாவாரியில் வேண்டாம்.

உளுந்து விதைக்கு ரைசோபியம் (வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் உரம்) 200 கிராம் பொட்டலம் ஒன்றை ஆறிய கஞ்சியில் கலந்து பூசி நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சாணக் கொல்லி கலப்பதானால் ரைசோபியம் பூசுவதற்கு 24 மணி நேரம் முன்பே கலந்துவிட வேண்டும். மழை பெய்ததும் இடும் மேலுர யூரியாவை 30 செ.மீ. சந்தில் மட்டும் இடுங்கள். உளுந்துப் பக்கம் விழுந்தால் முடிச்சு விடுவது குறையும்.

தனிச்சோளத்துக்குத் தெளிக்கும் அட்ரசின் களைக்கொல்லியை இங்கே தொடவே கூடாது. உளுந்து நன்றாகவே முளைக்கும், பிறகு இலை ஓரம் கருகிச் சாகும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். 15 - 20ஆம் நாளிலும் 30 - 35ஆம் நாளிலும் கைக்களை எடுங்கள்.

இரண்டாம் களையின்போது நாலைந்து உளுந்துச் செடிகளை மண்ணோடு தோண்டி முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை செய்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் இல்லை. அறுவடையில் செடியைப் பிடுங்காமல் அடியில் அறுத்தெடுங்கள், வேர் மண்ணிலேயே மக்கட்டும்.