ஜெனோவாவில் இரண்டு நாள்: எதை, எந்த நேரத்தில் சாப்பிடுவது?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு இத்தாலியின் ஜெனோவாவில் இரண்டு நாள் தங்குகிறோம். அப்பா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். நானும் மகனும் மீன் பிரியர்கள். அந்த ஊருக்கே உரிய சாப்பாட்டில் எதைத் தவறவிடக் கூடாது? அப்பாவுக்கு என்ன கிடைக்கும்?

பதில்: ஜெனோவாவில் கடையைத் தேடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த ஊரின் தலையாய இரண்டு பண்டங்களும் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில்தான் ருசி. பேர்போன கடையாகவே இருந்தாலும் ஆறிப்போனதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

முதலாவது ஃபொகாச்சா. ஏறக்குறைய இரண்டு செ.மீ. தடிமனில் தட்டையாகச் சுடும் ரொட்டி இது. பரப்பிய மாவில் விரல்களால் குழி குழியாக அழுத்தி, உப்புத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிச் சுடுவார்கள். அந்தத் தண்ணீர் தேங்குவதால்தான் மேல்பக்கம் பொன்னிறமாக மொறுமொறுத்தாலும் குழிகள் மட்டும் வெளுப்பாக, ஈரமாக இருக்கும். நல்ல ஃபொகாச்சாவுக்கு அதுவே அடையாளம். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் ரொட்டிக் கடைக்குப் போய் 'உன் எத்தோ' என்று கேளுங்கள். எத்தோ என்றால் 100 கிராம், ஒருவர் காலைப்பசிக்குப் போதும். உள்ளூர்க்காரர்கள் உப்புப் பக்கம் நாக்கில் படும்படி கவிழ்த்துக் கடிப்பார்கள், கப்புச்சினோவில் தோய்த்தும் சாப்பிடுவார்கள். மதியத்துக்கு மேல் அது ரப்பர் மாதிரி இழுக்கும். மைக்ரோவேவில் சூடாக்கித் தந்தால் இன்னும் மோசம். சில கடைகளில் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. ஆகவே அப்பாவுக்கு வாங்கும்போது 'சென்சா ஸ்ட்ருத்தோ?' (கொழுப்பு இல்லாததா?) என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஃபரினாத்தா. உங்கள் அப்பாவுக்காகவே செய்ததுபோல இருக்கும். கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். கரைத்த மாவைப் பல மணி நேரம் ஊறவைத்து, மேலே கட்டும் நுரையை வழித்தெடுத்துவிட்டு, ஈயம் பூசிய பெரிய வட்டச் செப்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் 300 டிகிரி போன்ற கடும் சூட்டில் சுடுவார்கள். நுரையை எடுக்காமல் விட்டால் மேலே கருகிக் கசக்கும். தட்டு மட்டமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் களியாகவும் மறு பக்கம் அப்பளமாகவும் ஆகிவிடும். சரியானது அரை செ.மீ. தடிமனுக்கு மேல் அதிகம் போகாது. மேலே பொன்னிறத் தோல், உள்ளே வெண்ணெய் போல் மென்மை. மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுங்கள். பழைய நகரில் இதற்கென்றே இருக்கும் விறகடுப்புக் கடைகளை 'ஷமாத்தா' என்பார்கள். ஜெனோவா மொழியில் தீச்சுவாலை என்று பொருள். சில கடைகள் மாலையில்தான் சுடும், ஞாயிறு பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் முதல் நாளே நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். 'பியாங்கெத்தி' என்று எழுதியிருந்தால் அதில் பொடிமீன் இருக்கிறது.

அதே மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, விரல் நீளத்துக்கு வெட்டிப் பொரித்தால் பனிஸ்ஸா. செய்பொருளில் சைவம்தான். ஆனால் துறைமுகத்தை ஒட்டிய சொத்தோரிப்பா வளைவுகளுக்குக் கீழே உள்ள பொரிப்புக் கடைகளில் மீன் பொரித்த எண்ணெயிலேயே இதையும் போடலாம். கேட்காமல் அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பெஸ்டோ என்ற பச்சிலைத் துவையலில்தான் பலர் தவறுகிறார்கள். ஜெனோவாவின் மேற்கே ப்ரா பகுதியில் விளையும் சின்ன இலைத் துளசியினம் அதன் உயிர். 'பசிலிக்கோ ஜெனொவேசே' என்ற பெயருக்கு ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரையும் உண்டு. நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலை இதே செடி வகைதான், மணம் மட்டும் வேறு. இலையோடு பைன் பருப்பு, பூண்டு, கல்லுப்பு, பர்மிஜானோ சீஸ், ஆட்டுப்பால் பெகொரினோ சீஸ், ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் சலவைக்கல் உரலில் மர உலக்கையால் அரைப்பது பழைய முறை. பெஸ்டோவை அடுப்பில் காட்டவே கூடாது, காட்டினால் இலை கறுத்து மணம் போய்விடும். பாஸ்தா வெந்த தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்துவதே முறை. த்ரோஃபியே என்ற முறுக்கிய பாஸ்தாவோடு கேளுங்கள். அது வெறும் மாவும் தண்ணீரும், முட்டை கிடையாது. உருளைக்கிழங்கும் பீன்ஸும் கூடவே வெந்து வந்தால் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

ஒரு சங்கடம்: அந்த இரண்டு சீஸையும் கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால்தான் திரிக்கிறார்கள். அப்பா இதைப் பார்ப்பவர் என்றால் பெஸ்டோ வேண்டாம். சீஸை முன்கூட்டியே கலந்துவிடுவதால் தனியாக நீக்கித் தரவும் முடியாது. வால்நட் சாஸில் வரும் பன்சோத்தி என்ற பாஸ்தா, கீரையும் சீஸும் அடைத்தது. முட்டை சேர்ப்பது வழக்கம் என்பதால் அதுவும் அவருக்கு ஆகாது. மெனுவில் 'தொக்கோ' என்று இருந்தால் இறைச்சிக் குழம்பு.

உங்கள் இருவருக்கும் மே நல்ல மாதம். அச்சூகே என்பது நம் நெத்திலியின் உறவு. மாவில் புரட்டிப் பொரித்துக் காகிதக் கூம்பில் தருவார்கள். எலுமிச்சை பிழிந்து நின்றபடியே தின்றுவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். உட்கார்ந்து சாப்பிட ஸ்தொக்கஃபீஸோ: நார்வேயிலிருந்து வரும், உப்பே போடாமல் காற்றில் உலர்த்திய காட் மீன், உருளைக்கிழங்கும் ஆலிவும் சேர்த்துச் சமைத்தது. நம் கருவாட்டின் கரிப்பை எதிர்பார்க்காதீர்கள். 'கப்போன் மாக்ரோ' என்ற பெயரில் 'மாக்ரோ' என்றால் இறைச்சி விலக்கிய உணவு. ஆனால் மீனும் இறாலும் அடுக்கடுக்காக இருக்கும்.

இரண்டாம் நாள் ரயிலில் கிழக்கே ரெக்கோவுக்குப் போய்வாருங்கள், ஏறத்தாழ அரை மணி நேரம்தான். புளிக்கவைக்காத மாவைக் காகிதம்போல் இழுத்து, இரண்டு தாள்களுக்கு நடுவே புது சீஸ் வைத்துச் சுடும் ஃபொகாச்சா அங்கே பிரசித்தம். இதற்கும் 2015-இல் ஐரோப்பிய முத்திரை கிடைத்தது. தட்டோடு வந்தவுடன் சாப்பிடுங்கள். பொட்டலம் கட்டினால் நீராவியில் ஊறி நைந்துவிடும்.

பில்லில் தலைக்கு இவ்வளவு என்று வரும் 'கொப்பெர்த்தோ' மேசைக் கட்டணம், வழக்கமானதுதான். பெஸ்டோ வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள். பல விமான நிலையங்களில் திரவமாகக் கணக்கிட்டுப் பறித்துவிடக்கூடும். உலர்பழம் போட்ட பான்தோல்சே ரொட்டி வாரக்கணக்கில் கெடாது. அதன் உறையில் 'உவோவா' என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தால் முட்டை சேர்த்தது. இல்லாததை அப்பாவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.